417-ஆம் எண் நலமாக இருக்கிறார்

தையல்காரரின் மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகிறது. எடை மட்டும் அப்படியே இருக்கிறது. ஐம்பத்தெட்டு கிலோ. யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னதில்லை இது. நெடுநோய்த் தடுப்பு உணவு ஆய்வு நிலையத்திலிருந்து முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு வந்த கடிதம் சொல்கிறது.

"அன்புள்ள 417-ஆம் எண் பங்கேற்பாளருக்கு, கடந்த மாதமும் தங்கள் எடை சீராக இருந்தது. இதய நோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை. தாங்கள் நலமாக இருக்கிறீர்கள். இப்படியே தொடர வாழ்த்துகிறோம்."

இதயம் நின்றுதான் அவள் செத்தாள். தையல்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மெஷின் இழுப்பறையில் முன்பு வந்த பத்துக் கடிதங்களுக்கு மேல் வைத்தார். அப்புறம் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். நாற்பது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு கோத்த கை, அன்றைக்கு நாலு தடவை தவறியது.

நிலையம் என்பது பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற நாலு மாடிக் கட்டடம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அது இரண்டாயிரம் பேரைப் பொறுக்கி எடுத்து, ஆளுக்கொரு எண்ணும் ஒரு நீல நோட்டும் கொடுத்தது. என்ன சாப்பிட்டால் மாரடைப்பு வராது என்று கண்டுபிடிக்கப் போகிறார்களாம். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்த தையல்காரரின் மனைவிக்கு 417 கிடைத்தது. காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் உப்பில்லாமல் வேகவைத்த காய், நாலு மணிக்கு ஓர் ஆப்பிள். இனிப்பு என்றால் மூச்சு விடக்கூடாது. என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, யாரோடு என்று தினமும் நோட்டில் எழுத வேண்டும். வியாழக்கிழமை காலையில் நிலையத்துக்குப் போய் எடை பார்க்க வேண்டும். பதினோரு மணிக்கு வீட்டுக்கு ஒரு போன் வரும். எல்லாம் ஒழுங்காக எழுதியாச்சா என்று கேட்பார்கள்.

அவள் போன பிறகும் போன் நிற்கவில்லை. தையல்காரர் ஒவ்வொரு வியாழனும், "அவ போயிட்டாம்மா" என்பார். "சரிங்கய்யா, அடுத்த வாரம் கூப்பிடறேன்" என்று அந்தப் பக்கத்துப் பெண் வைத்துவிடுவாள். பதினோரு மாதமாக இதுதான். இந்த வியாழன் அவருக்குப் பொறுக்கவில்லை.

"எங்கே போயிட்டாங்கன்னு நீ ஒரு நாளாவது கேட்டியாம்மா? செத்துப்போயிட்டா. எடை ஐம்பத்தெட்டுன்னு எப்படி எழுதறீங்க?"

"மன்னிச்சுக்குங்கய்யா. எனக்கு முன்னாடி மூணு கட்டம்தான் இருக்கு. பேசினார், பேச மறுத்தார், வீட்டில் இல்லை. நான் 'வீட்டில் இல்லை'ன்னு போட்டுட்டு வந்தேன்."

"அப்போ எடை?"

"ஆள் கிடைக்கலைன்னா 'அதேபோல்'னு ஒரு பொத்தானை அழுத்தணும். அவங்க கடைசியா எழுதின நாள் எதுவோ, அது அப்படியே இன்னைக்கும் விழும். சாப்பாடு, எடை, எல்லாம்."

"கடைசி நாள் அவ என்ன எழுதியிருக்கா?"

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா. எனக்குப் பொத்தான்தான் தெரியும்."

கடைசி நாளில் அவள் என்ன சாப்பிட்டாள் என்று தையல்காரருக்குத் தெரியும். உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டு வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு திருட்டு செய்துவந்தார்கள். வியாழக்கிழமை எடை பார்த்த அன்றே சாயங்காலம் நாலு மணிக்கு, தையல்காரர் முனை பேக்கரியிலிருந்து ஒரு கிரீம் பன் வாங்கி வருவார். மெஷின் மேஜையில் காகிதத்தை விரித்து, துணி வெட்டுகிற கத்தரியைத் துடைத்து அதாலேயே பன்னை இரண்டாக வெட்டுவார். கிரீம் அதிகமாக இருக்கிற பாதி அவளுக்கு. தின்று முடித்து விரலை நக்கிவிட்டு, நோட்டில் "ஆப்பிள், ஒன்று" என்று அவள் எழுதுவாள். "பதினெட்டு வருஷத்துல ஒரு தோப்பையே தின்னு தீர்த்திருக்கேன் பாருங்க" என்பாள்.

கடைசி வியாழனும் அப்படித்தான். நாலு மணிக்குப் பன். மறுநாள் விடிந்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தபோது நிலையத்து ஆள் ஒருவர் வந்து நீல நோட்டை வாங்கிக்கொண்டு போனார். அவள் படுத்திருந்ததைப் பார்த்து, "பங்கேற்பாளர் ஓய்வில் இருக்கிறார்" என்று எழுதிக்கொண்டும் போனார். தையல்காரர் நோட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒரே கேள்விதான் அவரைப் பிடித்து ஆட்டுகிறது: அந்தப் பாதிப் பன்தான் அவளைக் கொன்றதா? வாங்கி வந்து வெட்டிக் கொடுத்தது நான்தானே? இதற்குப் பதில் தெரிந்த இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான். பதினெட்டு வருஷமாக அதைத்தானே அவர்கள் ஆராய்கிறார்கள்.

மறுநாளே இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார்.

வாசலிலேயே அவரை எடை பார்த்தார்கள். பார்வையாளரையும் பார்க்க வேண்டுமாம். அப்புறம் ஒரு நர்ஸ் அவர் இடுப்பில் டேப்பைச் சுற்றினார். தையல்காரர் சும்மா இருப்பாரா? டேப்பைத் தொட்டதுமே கைக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தில் கிடந்த தன் டேப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிலையத்து டேப் இழுபட்டு இழுபட்டு நீண்டு கிடந்தது. முப்பத்தாறு அங்குல இடுப்பு அதில் முப்பத்துநாலு என்று காட்டியது.

"அம்மா, இந்த டேப் இழுபட்டு நீண்டுபோச்சு. யாரை அளந்தாலும் ரெண்டு அங்குலம் குறைச்சுக் காட்டும். அதான் என் பெண்டாட்டி இங்கே வந்தா ஒல்லி, வீட்டுக்கு வந்தா குண்டு. அவ உடுப்பெல்லாம் தைச்சவன் நான், ஒரு நூல்கூட மாறலை."

நர்ஸ் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். "சத்தமா சொல்லாதீங்க. இந்த டேப் ஆய்வு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இருக்கு. இதை மாத்தினா எல்லாருக்கும் ஒரே நாள்ல ரெண்டு அங்குலம் கூடிடும். பதினெட்டு வருஷ உழைப்பு வீணாயிடும்."

பதிவு மேஜைக்காரர் இறப்புச் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரை சரியாக இருந்தது. ஆனாலும் உதட்டைப் பிதுக்கினார்.

"இது வெளி ஆவணம். எங்க ஆய்வு முழுக்க முழுக்க பங்கேற்பாளர் தானா சொல்றதை வெச்சு நடக்குது. அவங்க ஆப்பிள் சாப்பிட்டேன்னா ஆப்பிள். நாங்க போய் வயித்துக்குள்ளே பார்க்கறோமா? அதேமாதிரி இதையும் அவங்களேதான் சொல்லணும்."

"எதை?"

"செத்துட்டேன்னு. நேர்ல வந்து, விலகல் படிவத்துல கையெழுத்துப் போட்டு."

தையல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேலி செய்கிற முகமாகத் தெரியவில்லை. நல்ல மனுஷர்தான், தண்ணீர்கூடக் கொடுத்தார். "வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மேல கூட்டிட்டு வாங்க. கூட்டம் இருக்காது" என்றும் சொன்னார்.

"சரிங்க. படிவம் கிடக்கட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். கடைசி நாள் அவ ஒரு கிரீம் பன்ல பாதி தின்னா. அதனாலதான் அவளுக்கு அப்படி ஆச்சா? இதை யார் சொல்லுவாங்க?"

மூன்றாவது மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே புள்ளிவிவர அதிகாரி இருந்தார். வெயிலே படாத வெளுத்த முகம். சுவர் முழுக்க வரைபடக் கோடுகள். எல்லாக் கோடும் இடது பக்கம் கொஞ்சம் ஏறி இறங்கிவிட்டு, அப்புறம் நேராகப் போயின.

"417" என்று தட்டினார். திரையில் அவள் கையெழுத்து வந்தது. நோட்டுப் பக்கத்தையே படம் பிடித்து வைத்திருந்தார்கள். காலை, ஓட்ஸ் கஞ்சி. மத்தியானம், காய். கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த அதே எழுத்து. தையல்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நாலு மணி என்கிற இடத்தில் ஆப்பிள் இல்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் உண்மையை எழுதியிருந்தாள்.

"கிரீம் பன், பாதி. யாரோடு: அவரோடு."

ஏன் அன்றைக்கு மட்டும்? உடம்புக்கு ஏதோ தெரிந்திருக்குமோ? பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதோ? இனி யாரைப் போய்க் கேட்பது? கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது அவருக்கு.

அதிகாரிக்கு வேறு ஏதோ முட்டிக்கொண்டு வந்தது. பக்கங்களைக் கடகடவென்று தள்ளினார். மறுநாளும் கிரீம் பன், பாதி. அதற்கு மறுநாளும். அடுத்த மாதமும். முந்நூற்று முப்பத்தேழு நாள், முந்நூற்று முப்பத்தேழு பாதிப் பன்.

"ஐயா, நீங்க சொல்லலைன்னா இதை நாங்க கவனிச்சே இருக்க மாட்டோம். தினமும் பாதிப் பன். எடை ஏறலை. நெஞ்சு வலி இல்லை. ஒரு தலைவலிகூட இல்லை. இப்படி ஒரு ஆரோக்கியத்தை நான் பார்த்ததே இல்லை."

"அவ செத்துப்போயிட்டா சார்."

"அது உங்க பக்கத்துத் தகவல்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அதிகாரி இயக்குநருக்குப் போன் போட்டார்.

மூன்று வாரம் கழித்து நிலையத்தில் விழா. அழைப்பிதழ் 417-க்கு வந்தது; "துணைக்கு ஒருவர் வரலாம்" என்று அடியில் போட்டிருந்தது. அந்தத் துணையாகத் தையல்காரர் போனார்.

அவ்வளவு பெரிய மண்டபத்தை அவர் பார்த்ததில்லை. இரண்டாயிரம் நாற்காலி. ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண் அட்டை, முன்னால் சின்ன மேஜையில் ஒரு தட்டு, தட்டில் பாதிப் பன். உட்கார்ந்திருந்தவர்கள் முந்நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள். அதில் பாதிப்பேர் நாற்காலியில் உட்காரவில்லை. காலியாகக் கிடந்த ஏதோ ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒரு பணியாளர் நிதானமாக நடந்து, ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் தண்ணீர் டம்ளர் வைத்துக்கொண்டு போனார். வாசலில் எழுதிப் போட்டிருந்தது: வருகை, நூறு சதவீதம்.

417-க்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு ஸ்டூல். அடுத்த ஸ்டூலில் ஒரு நரைத்த அம்மா.

"என் வீட்டுக்காரர் 418" என்றார் அந்த அம்மா, காலி நாற்காலியைக் காட்டி. "ஆறு வருஷமா கஞ்சி குடிக்கிறார்."

"நீங்க சொல்லிப் பார்க்கலையாம்மா?"

"முதல் வருஷம் சொன்னேன். சண்டைகூடப் போட்டேன். அப்புறம் விட்டுட்டேன் தம்பி. பிள்ளைகளே அவரைப் பத்திப் பேசறதில்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஒருத்தராவது அவர் சாப்பிட்டாரான்னு கேக்கறாங்களே. அதை எதுக்குக் கெடுக்கணும்?"

தையல்காரர் மண்டபத்தைத் திரும்பி ஒரு தடவை பார்த்தார். எத்தனை தட்டு, எத்தனை டம்ளர். பின் வரிசைகள் இருட்டில் இருந்தன. அங்கே விளக்குப் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

இயக்குநர் மேடையேறினார். நல்ல வாட்டசாட்டமான ஆள். குரலும் அப்படித்தான்.

"பதினெட்டு வருஷத்துல இந்த ஆய்வுல ஒரு மரணம்கூடப் பதிவாகலை. மத்த நிலையங்கள்ல சாவுக்குன்னு ஒரு கட்டத்தைப் படிவத்துல அச்சடிச்சே வெச்சிருக்காங்க. கட்டம் இருந்தா யாராவது நிரப்பத்தானே செய்வாங்க? நோயைத் தடுக்கறது படிவத்துலதான் ஆரம்பிக்குதுன்னு நாங்க முதல் நாளே முடிவு பண்ணினோம். வெளியே தினமும் எத்தனையோ பேர் சாகறாங்க, வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அவங்க நம்ம வரைபடத்துல இல்லை. இன்னைக்கு ஒரு மகத்தான முடிவை அறிவிக்கிறேன். தினமும் பாதி கிரீம் பன் இதயத்தைக் காக்கும். ஆதாரம், நமது 417."

கைதட்டல். தையல்காரர் எழுந்தார்.

"ஐயா, அந்தப் பன்னை வாங்கிக் கொடுத்தவன் நான். அதைத் தின்ன மறுநாள் அவ போயிட்டா. அதனாலதானா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. நான் தூங்கி ஒரு வருஷமாகுது."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? பன்னை வாங்கிக் கொடுத்தவர் இவர்தான். விஞ்ஞானத்துக்குப் பின்னாடி இப்படிப்பட்ட கணவர்கள் இருக்காங்க. எல்லாரும் எழுந்து நில்லுங்க." இருந்த முந்நூறு பேரும் எழுந்து தட்டினார்கள். 418-இன் மனைவி மட்டும் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். யாரோ ஒரு கேடயத்தை எடுத்து வந்து 417-ஆம் நாற்காலியில் சாய்த்துவைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே முனை பேக்கரியில் வரிசை நின்றது. பாதிப் பன்னைக் காகிதத்தில் சுற்றி, "இதயத்துக்கு" என்று எழுதி விற்றார்கள். தையல்காரரின் கொழுந்தி, மனைவியின் தங்கை, ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் அக்காவைப் போலவே நெஞ்சில் கோளாறு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

"என்ன அத்தான், அக்கா புகழ் ஊரெல்லாம் பரவிடுச்சு. நானும் இன்னையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

தையல்காரர் அதை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். "தின்னாதே. உங்க அக்காவை நான்தான் கொன்னேன்" என்றார். எல்லாவற்றையும் சொன்னார். கத்தரி, காகிதம், நாலு மணி, ஆப்பிள், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார்.

கொழுந்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும் அத்தான். அக்காவே சொல்லியிருக்கா. வாரம் பூரா அந்தக் கஞ்சியைக் கண்ணை மூடிட்டு விழுங்கறது வியாழக்கிழமை நாலு மணிக்காகத்தான்னு சொல்லிச் சிரிப்பா. அதனாலதான் போனாளான்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சா இப்படி நாற்காலி போடுவாங்களா?" பன்னை எடுத்துக் குப்பையில் போட்டாள். "நான் மருந்தையே ஒழுங்கா சாப்பிடறேன், போதுமா? இதை நீங்க நிறுத்துங்க. செத்தவளை வெச்சு ஊரை ஏமாத்தறாங்க."

நிறுத்துவது எப்படி? தையல்காரர் இரண்டு நாள் யோசித்தார். வியாழன் பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"ஐயா, இன்னைக்கும் 'அதேபோல்' போட்டுடட்டுமா?"

"வேண்டாம்மா. நான் சொல்றதை எழுது. அவ ஒண்ணும் சாப்பிடலை."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டது கேட்டது. "எழுதறேங்கய்யா. யாரோடன்னு ஒரு கட்டம் இருக்கே? காலியா விட்டா வாங்காது."

"சாப்பிடவே இல்லைன்னா யாரோட இருப்பா? தனியான்னு போடு."

போனை வைத்தபோது தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. அன்றைக்கு ஊசியில் நூல் ஒரே தடவையில் நுழைந்தது. அடுத்தடுத்த வியாழன்களிலும் அதையே சொன்னார்.

மாதக் கடைசியில் கடிதம் வந்தது. "அன்புள்ள 417-ஆம் எண் பங்கேற்பாளருக்கு, தங்கள் முன்னேற்றம் எங்களை வியப்பில் ஆழ்த்துகிறது. இருபத்திரண்டு நாளாகத் தாங்கள் எதுவும் உண்ணவில்லை. எடை ஐம்பத்தெட்டு கிலோவில் சீராக உள்ளது. எதுவுமே உண்ணாதிருப்பது இதயத்தைக் காக்கும் என்பது குறித்து விரைவில் அறிவிக்கவிருக்கிறோம்." கூடவே ஒரு தாள், நாள்வாரியாக. உணவு: இல்லை. யாரோடு: தனியாக. உணவு: இல்லை. யாரோடு: தனியாக. இருபத்திரண்டு வரி.

தையல்காரர் அந்தத் தாளை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். இருபத்திரண்டு நாள் அவளைப் பட்டினி போட்டிருக்கிறார். அதுவும் தனியாக. கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தில் வீட்டில் ஒரு நாள்கூட அவளைத் தனியாகச் சாப்பிட விட்டதில்லை அவர். கடையில் ஆள் காத்திருந்தாலும் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். பேக்கரி வரிசை அவருக்கு நினைவு வந்தது. இனி பட்டினி கிடக்கப்போகிறவர்களும் நினைவு வந்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் கண்ணை மூடினால், அந்தப் பெரிய மண்டபத்தில், விளக்கில்லாத பக்கத்தில், காலித் தட்டுக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வியாழன். பதினோரு மணிக்கு முதல் மணி அடித்ததுமே எடுத்துவிட்டார்.

"ஐயா, 417 இன்னைக்கு என்ன சாப்பிட்டாங்க?"

"கிரீம் பன்" என்றார். "பாதி. கிரீம் அதிகமா இருந்த பாதி."

"சரிங்கய்யா." தட்டுகிற சத்தம். "யாரோட?"

"என்னோடம்மா."

"இனிமே 'அதேபோல்' போட்டுடவா?"

தையல்காரர் மேஜையைப் பார்த்தார். காகிதம் விரித்திருந்தது. கத்தரியை ஏற்கனவே துடைத்து வைத்திருந்தார்.

"அதேபோல் போடும்மா" என்றார். "ஆனா போன் மட்டும் வாராவாரம் பண்ணு."